"றிப்போட்டில ஒண்டும் இல்லை": நாட்பட்ட வலி இணையத்துக்கு வந்து சேர்ந்த கதை

நாரி நோவெண்டு போகிறவர் எக்ஸ்ரே எடுப்பார், ஸ்கான் எடுப்பார், இரத்தம் கொடுப்பார். ஒரு கிழமை கழித்து வைத்தியர் அந்தக் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "றிப்போட்டில ஒண்டும் இல்லை" என்பார். சொல்கிறவருக்கு அது நல்ல செய்தி. கேட்கிறவருக்கு நாரி இன்னும் நோகிறது. வீட்டுக்கு வந்தால் வீட்டாரும் சும்மா விடமாட்டார்கள்: ஒண்டும் இல்லையெண்டால் பிறகேன் படுத்திருக்கிறாய்?

எலெய்ன் ஸ்கேரி என்ற அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் 1985 இல் வலியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வலியில் இருக்கிறவருக்கு அதைவிட நிச்சயமானது எதுவும் இல்லை, அதைக் கேள்விப்படுகிறவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை என்பது அதிலுள்ள வாதங்களில் ஒன்று. அவர் எழுதியது சித்திரவதையையும் யுத்தத்தையும் மனதில் வைத்து. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற, காரணம் சரியாகப் பிடிபடாத வலிகளோடு வாழ்கிறவர்கள் சொன்னவற்றை வாசிக்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்ப ஸ்கேரிதான் ஞாபகம் வந்தார்.

இண்டைக்கு அவுஸ்திரேலியா, பிரித்தானியா, சுவீடன், கனடா போன்ற நாடுகளில் இப்படியான ஒருவருக்கு மாத்திரையோடு சேர்த்தோ மாத்திரைக்குப் பதிலாகவோ ஒரு இணைய இணைப்புக் கொடுக்கப்படலாம். உள்ளே போனால் சில பாடங்கள், வீட்டுவேலை, மூச்சுப் பயிற்சி, தினக்குறிப்பு எல்லாம் இருக்கும். இதைத்தான் இணையவழி வலி முகாமைத்துவத் திட்டம் என்கிறார்கள். இது தொழில்நுட்பம் கொண்டுவந்த புதுப்பொருள் மாதிரித் தெரிந்தாலும் இதுக்குப் பின்னால் எழுபது வருட வரலாறு இருக்கிறது. எங்கட வாசிப்பில், நோயாளி சொல்வதை யார் இருந்து கேட்பது என்ற கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொருவர் கையில் கொடுக்கப்பட்டு வந்த வரலாறு அது.

தொடக்கத்தில் வலி என்பது ஒரு கயிறு. 17 ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் தந்த படம் அது. நெருப்புக்குப் பக்கத்தில் கால் வைத்திருக்கும் ஒருவர். காலில் இருந்து மூளைக்கு ஒரு நூல். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். நெருப்பு இல்லாமல் மணி அடித்தால் என்ன செய்வது என்பதுக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சத்திரசிகிச்சை நிபுணர்கள் அந்தக் கயிற்றை வெட்டிப் பார்த்தார்கள். நரம்பை வெட்டினார்கள், முள்ளந்தண்டு வடத்திலேயே சில பாதைகளை வெட்டினார்கள். பலருக்கு வலி திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்தால் பிழை நோயாளியின் குணத்தில் என்று முடிவு கட்டுவதும் நடந்தது.

இந்த இடத்தில்தான் ஜோன் பொனிக்கா வருகிறார். இத்தாலியின் ஃபிலிக்குடி என்ற சின்னத் தீவில் 1917 இல் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மருத்துவம் படிக்கக் காசு தேடி முகமூடி போட்டுக்கொண்டு மல்யுத்தம் செய்தவர். (இதைப் படமாக எடுத்தால் நம்பமாட்டார்கள்.) இரண்டாம் உலக யுத்த காலத்தில் வொஷிங்டன் மாநிலத்தின் மடிகன் இராணுவ வைத்தியசாலையில் மயக்கமருந்து நிபுணராக இருந்தபோது கை கால் இழந்த படையினர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இல்லாத காலில் எரிவு, இல்லாத கையில் பிடிப்பு. யுத்தம் நடந்த நாட்டில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புத்தகங்களில் பதில் கிடைக்காத பொனிக்கா, நரம்பியல், எலும்பியல், உளமருத்துவம் என்று பல துறைச் சக வைத்தியர்களை ஒன்றாக இருத்தி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார். 1953 இல் வலி முகாமைத்துவம் பற்றிய அவரது பெரும் நூல் வந்தது. 1960 இல் சியாட்டில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், பல துறையினர் சேர்ந்து நடத்தும் வலிச் சிகிச்சை நிலையத்தை உருவாக்கினார். 1973 இல் சியாட்டிலுக்குப் பக்கத்திலுள்ள இசகுவாவில் அவர் கூட்டிய சந்திப்பில் இருந்துதான் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் பிறந்தது.

இதில் எங்களுக்கு முக்கியமாகப்படுவது ஒன்று. மல்யுத்தம் பொனிக்காவின் தோளையும் இடுப்பையும் பழுதாக்கிவிட்டது. சத்திரசிகிச்சை மேல் சத்திரசிகிச்சையாக வாழ்நாள் முழுக்க அவரும் வலியோடுதான் இருந்தார். வலி மருத்துவம் என்ற துறையைத் தொடக்கிவைத்தவரே ஒரு நாட்பட்ட வலி நோயாளி.

1965 இல் கயிற்றுப் படம் கிழிந்தது. கனேடிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் பற்றிக் வோலும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். முள்ளந்தண்டு வடத்தில் ஒரு வாயில் மாதிரியான ஒழுங்கு இருக்கிறது. கீழிருந்து வருகிற சமிக்ஞையைக் கூட்டவோ குறைக்கவோ அதால் முடியும். மேலே மூளையில் இருந்து இறங்கிவருகிற கட்டளைகளும் அந்த வாயிலைத் திறக்கலாம், சாத்தலாம். பயம், கவனம், பழைய அனுபவம் எல்லாம் வலிக்கு வெளியே நிற்கிற விடயங்கள் என்ற நிலை மாறி, வலி உண்டாகிற வழியிலேயே அவைக்கும் பங்கு வந்தது. அதன் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டன. ஆனாலும் இண்டைக்கு எந்த இணையவழிப் பாடத்தைத் திறந்தாலும் முதலாம் பாடத்தில் இந்த வாயில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும்.

இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. மூளைக்கும் பங்கு உண்டு என்று விஞ்ஞானி சொல்வது, "உனக்கு எல்லாம் மனசிலதான்" என்று நோயாளியின் காதில் விழலாம். எத்தனையோ வருடமாக அதையே கேட்டுக் களைத்துப்போனவர் அவர். அதுவும் பெண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஃபைப்ரோமயல்ஜியா என்ற உடல்முழுதும் வலிக்கிற நிலைக்கு 1990 இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி வகுத்த அளவுகோல்படி, உடம்பில் 18 குறித்த இடங்களை விரலால் அமத்திப் பார்த்து குறைந்தது 11 இல் நோக வேண்டும். நோகுது என்று அவ சொல்வது போதாது, வைத்தியரின் விரல் அதை எண்ணி உறுதிப்படுத்த வேண்டும். 2010 இல் வந்த புதிய அளவுகோலில் அந்த எண்ணிக்கையைக் கைவிட்டார்கள்.

மெல்சாக்கிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கால் இழந்த ஒரு மூதாட்டி இல்லாத காலின் வலியை விதம்விதமான சொற்களில் விபரிப்பதைக் கேட்ட நாளில் இருந்து, நோயாளிகள் வலிக்குப் பயன்படுத்தும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். அதன் விளைவுதான் 1975 இல் வந்த மெக்கில் வலி வினாக்கொத்து: 20 கூட்டங்களாகப் பிரித்த 78 சொற்கள். துடிக்கிறது, குத்துகிறது, எரிகிறது, களைப்பாக்குகிறது, பயமுறுத்துகிறது என்று போகும். வெறுமனே பத்துக்கு எத்தனை என்று கேட்காமல் 'எப்படி நோகிறது' என்று கேட்ட கருவி அது. எங்கட பக்கத்துப் பேச்சில் நோ, உளைவு, கடுப்பு, குத்து, விறைப்பு, எரிவு, பிடிப்பு எல்லாம் வேறுவேறானவை. கால் உளையுது என்கிற அம்மம்மாவிடம் போய் கால் நோகுதோ என்று கேட்டுப் பாருங்கள், திருத்துவா. அந்த வேறுபாட்டை ஒரு மருத்துவப் படிவம் மதித்தது பெரிய விடயம் என்றே நினைக்கிறோம்.

அதே சியாட்டிலில், அதே காலத்தில், முற்றிலும் எதிர்ப்பக்கமாக இன்னொரு வேலை நடந்தது. வில்பேர்ட் போர்டைஸ் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் கற்றல் கோட்பாட்டை வலி விடுதிக்குக் கொண்டுவந்தார். வலியை எங்களால் பார்க்க முடியாது, வலி நடத்தையைத்தான் பார்க்கலாம்: முனகல், நொண்டல், படுத்துக் கிடத்தல், குளிசை கேட்டல். முனகினால் கவனம் கிடைக்கிறது, படுத்தால் வேலையில் இருந்து விடுதலை கிடைக்கிறது என்றால் அந்த நடத்தை வளரும். ஆகவே ஒழுங்கை மாற்று. நோகும்போது மருந்து கொடுக்காதே, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு. உடற்பயிற்சியை நோகும் வரை செய்யவிடாதே, முதலே தீர்மானித்த எண்ணிக்கை வரை செய்யவிடு. நடந்தால் பாராட்டு, முனகினால் கண்டுகொள்ளாதே. வாழ்க்கைத்துணைக்கும் இதைப் பழக்கு. நோயாளிகள் கிழமைக்கணக்கில் விடுதியில் தங்கினார்கள். 1976 இல் இது நூலாக வந்தது.

போர்டைஸ் வலியைப் பொய் என்று சொல்லவில்லை. அவரது முறையால் வருடக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவர்கள் எழும்பி நடந்தார்கள். மருந்தை மணிக்கூட்டுக்குக் கொடுப்பது, பயிற்சியை எண்ணிக்கைக்குச் செய்வது ஆகிய இரண்டும் இன்றுவரை நிலைத்திருப்பதுக்குக் காரணம் அவை வேலை செய்வதுதான். ஆனாலும் அந்த விடுதியில் கிடந்தவரின் பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வெளியே ஒருவரும் நம்பவில்லை என்று இங்கே வந்தால், இங்கே நோவைப் பற்றிக் கதைத்தாலே முகத்தைத் திருப்புகிறார்கள். 1983 இல் டெனிஸ் ரேர்க்கும் அவரது சகாக்களும் அறிவாற்றல் நடத்தை முறையை வலிக்கு விரித்து எழுதியபோதுதான், நோயாளி தன் வலியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுக்குச் சிகிச்சைக்குள் ஒரு இடம் கிடைத்தது.

பிரித்தானியாவில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் 1988 இல் தொடங்கிய 'இன்புட்' திட்டம் இந்தப் பரம்பரையில் வந்தது. அங்கே அமண்டா வில்லியம்ஸ் குழுவினர் 1996 இல் வெளியிட்ட ஆய்வை நாங்கள் இரண்டு தரம் வாசித்தோம். 121 நோயாளிகள். ஒரு பகுதியினர் நான்கு கிழமை தங்கியிருந்து பயின்றார்கள். இன்னொரு பகுதியினர் எட்டுக் கிழமைக்கு, கிழமையில் அரைநாள் வந்துபோனார்கள். மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். தங்கியவர்களும் வந்துபோனவர்களும் முன்னேறினார்கள், ஆனால் தங்கியவர்களுக்குக் கூட முன்னேற்றம், அது ஒரு வருடம் கழித்தும் அதிகம் நிலைத்தது. தங்கியவர்களுக்குக் கிடைத்த பயிற்சி நேரம் அதிகம் என்பது நேரடியான விளக்கம். அதோடு ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படியேறி, இரவில் கதைத்து நான்கு கிழமை வாழ்ந்த சக நோயாளிகளும் இருந்தார்கள். அதை எந்த அட்டவணையில் போடுவது?

அதை அட்டவணையில் போட முயன்றவர் கேற் லோரிக். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு தாதி. 1970களின் கடைசியில் மூட்டுவாத நோயாளிகளுக்காக ஆறு கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கிழமைக்கு ஒருக்கா இரண்டு மணித்தியாலம், வைத்தியசாலையில் இல்லை, ஊரிலுள்ள பொது மண்டபங்களில். நடத்துகிறவரும் வைத்தியர் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆள், பெரும்பாலும் அதே நோய் உள்ளவர். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருவரும் தான் செய்யப்போகிற ஒரு சின்ன விடயத்தைச் சொல்ல வேண்டும்: கிழமையில் மூன்று நாள், சாப்பாட்டுக்கு முதல், சந்தி வரை நடக்கப் போறன். அதைச் செய்வாய் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை? ஏழுக்குக் குறைவென்றால் திட்டத்தைச் சின்னதாக்கு.

பலன் கிடைத்தது. ஆனால் ஏன் என்று பார்த்தபோது லோரிக் குழுவுக்கு ஆச்சரியம். வகுப்பில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை அதிகம் செய்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தொடர்பு மிகவும் பலவீனமாக இருந்தது. பலனோடு சேர்ந்து போனது, 'என்னால் இதுக்கு ஏதோ செய்ய முடியும்' என்ற உணர்வு. அதே ஸ்டான்போர்ட்டில் இருந்த அல்பேர்ட் பண்டூரா 1977 இல் சுயதிறன் நம்பிக்கை என்று பெயர் வைத்தது இதைத்தான். தன்னைப்போல ஒரு ஆள் முன்னுக்கு நின்று நடத்துவதைப் பார்ப்பது அந்த நம்பிக்கை வளர்கிற வழிகளில் ஒன்று என்றும் பண்டூரா எழுதியிருந்தார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சாண்ட்ரா லெஃபோர்ட் என்ற தாதி இந்த வகுப்பை நாட்பட்ட வலிக்கென்று மாற்றி எழுதி 1998 இல் பரிசோதித்துக் காட்டினார். இந்தப் பகுதியில் தாதிமாரின் பெயர்கள் அதிகம் வருவதைக் கவனியுங்கள். நோயாளியோடு நாள் முழுக்க நிற்கிறவர்கள் அவையள்தானே.

பேராசிரியர்கள் இல்லாமலும் இது நடந்தது. பென்சில்வேனியாவில் பெனி கவன் என்ற பெண், தானே ஒரு வலி முகாமைத்துவத் திட்டத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பி, 1980 இல் தன்னைப் போன்றவர்களைக் கூட்டி ஒரு குழு தொடங்கினார். அது பின்னர் அமெரிக்க நாட்பட்ட வலிச் சங்கமாக வளர்ந்தது.

இணையத்துக்கு வந்த முதல் அடிகளில் ஒன்றும் லோரிக்கிடம் இருந்தே வந்தது. 2002 இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் 49 மாநிலங்களில் இருந்து நாரி நோவுள்ள 580 பேர். ஒரு பகுதியினருக்கு ஒரு புத்தகம், ஒரு வீடியோ நாடா, ஒரு மூடிய மின்னஞ்சல் குழு. மற்றவர்களுக்கு நோயோடு சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒரு சஞ்சிகைச் சந்தா. ஒரு வருடம் கழித்து மின்னஞ்சல் குழுவில் இருந்தவர்களுக்கு வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன, வைத்தியரிடம் போவதும் குறைந்திருந்தது. முகம் தெரியாத ஆட்கள் ஒருவருக்கொருவர் எழுதியது மட்டுந்தான் இதுக்குள் புதிது.

2004 இல் சுவீடனின் மொனிக்கா பூர்மன் குழுவினர் இன்னொரு வழியைக் காட்டினர். நாட்பட்ட முதுகு வலியுள்ள 56 பேர், இணையத்தில் பாடம், நடுநடுவே தொலைபேசி அழைப்பு. இங்கே குழு இல்லை. ஒரு நோயாளி, ஒரு திரை, மறுமுனையில் ஒரு ஆள். மிகத் தெளிவாக மாறியது நோ இல்லை. நோவைப் பற்றிய பயங்கரமான கற்பனைகள் குறைந்தன, அதைக் கட்டுப்படுத்த முடியும் என்ற எண்ணம் கூடியது. பின்னால் வந்த பெரும்பாலான இணையத் திட்டங்கள் லோரிக்கின் மின்னஞ்சல் குழுவைப் பின்பற்றவில்லை, இந்த வழியைத்தான் பின்பற்றின. குழுவை மேற்பார்ப்பது கஷ்டம், பாடத்தை அச்சடிப்பது சுகம்.

அடுத்த கேள்வி, மறுமுனையில் அந்த ஆள் எவ்வளவுக்குத் தேவை? சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் பிளேக் டியர், நிக் டிட்டோவ் ஆகியோரின் குழு இதை நேரடியாகவே பரிசோதித்தது. ஐந்து பாடங்கள், எட்டுக் கிழமை, 490 பேர். ஒரு பகுதியினரோடு உளவியலாளர் ஒழுங்காகத் தொடர்பு கொண்டார். இன்னொரு பகுதியினர் விரும்பினால் கேட்கலாம். மூன்றாவது பகுதிக்குத் தொடர்பு கிடையாது. நான்காவது காத்திருப்புப் பட்டியல். 2015 இல் வந்த முடிவின்படி முதல் மூன்று பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். ஒரு நோயாளிக்குச் செலவான உளவியலாளர் நேரமோ முதல் பகுதியில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், இரண்டாவதில் சுமார் 13 நிமிடம், மூன்றாவதில் சுமார் 5 நிமிடம்.

ஆள் இருந்தால்தான் வலி குறையும் என்று எழுத விரும்புகிற எங்களுக்கு இது தொண்டையில் சிக்குகிற முள். இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனித்தோம். இப்படியான ஆய்வுக்குத் தாங்களாகவே விண்ணப்பிக்கிறவர்கள் வாசிக்கக்கூடிய, இணைய வசதியுள்ள, இதைச் செய்து பார்ப்பம் என்ற மனம் உள்ளவர்கள். அடுத்தது, அந்தப் பாடங்களுக்குள்ளேயே ஏனைய நோயாளிகளின் கதைகள் விரிவாக எழுதப்பட்டிருந்தன. உளவியலாளர் இல்லாத பகுதியிலும் அந்தக் கதைகள் இருந்தன.

நோயாளிகளோடு நடத்திய நேர்காணல் ஆய்வுகளை வாசித்தால் இந்தக் கதைகள் ஏன் முக்கியம் என்று தெரியும். இப்படியான திட்டங்களில் சேர்ந்தவர்களிடம் எது உதவியது என்று கேட்டால் மூச்சுப் பயிற்சியைச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருவது 'எனக்கு மட்டுமில்லை' என்ற வசனம். நல்லாயிருக்கிற நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்து, அடுத்த மூன்று நாள் எழும்ப ஏலாமல் கிடப்பது தன்னுடைய முட்டாள்தனம் என்று நினைத்தவர், அதை இன்னொருவரின் கதையாக வாசிக்கிறார். அதுக்கு ஒரு பெயரும் உண்டு, அளவாகப் பிரித்துச் செய்வதுக்கு ஒரு முறையும் உண்டு என்று அறிகிறார். வெட்கம் கொஞ்சம் இறங்குகிறது. வீட்டில் இருந்தே செய்யலாம் என்பதையும் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருந்து வைத்தியசாலைக்குப் போய் வலியைக் கூட்டிக்கொண்டு, அங்கே போய் வலியைக் குறைக்கும் வழி படிப்பதில் என்ன நியாயம்? வலி கூடிய இரவில் பழைய பாடத்தை மறுபடி திறந்து பார்ப்பதும் நடக்கிறது. வகுப்புக்கு அப்படித் திரும்பிப் போக முடியாது.

முறைப்பாடுகளும் இருக்கின்றன. கணினிக்கு முன்னால் இருப்பதே நோகிற ஆளுக்குக் கணினியில் பாடம். பாடத்தில் வருகிற மாதிரி நோயாளி எப்போதும் தன்னைவிடச் சுகமாகவே இருக்கிறார். கிழமைப் பயிற்சியைச் செய்யாமல் விட்டால் பழைய குற்றவுணர்வு, அதுக்கு மேல் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்து 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்று பாராட்டுகிறது. நடத்தாத ஆளைப் பாராட்டும் போர்டைஸ்! இடையில் விட்டுப் போகிறவர்கள் கணிசமானவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து நேர்காணல் எடுப்பதும் கஷ்டம் என்பதால், நாங்கள் வாசிக்கிற 'நோயாளி அனுபவம்' பெரும்பாலும் முடித்தவர்களின் அனுபவம்.

இதெல்லாம் காசு இல்லாத வெளியில் நடக்கவில்லை. அமெரிக்காவில் பொனிக்கா காட்டிய பல்துறை நிலையங்களுக்கு 1990களில் காப்புறுதி நிறுவனங்கள் பணம் கொடுக்கப் பின்வாங்கின. ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் மாத்திரைக்கும் பட்டியல் போடுவது அவர்களுக்கு இலகு. 1996 இல் ஒக்ஸிகொன்டின் சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக, அதைத் தயாரித்த பேர்டியூவோடு இணைந்த நிறுவனம் 2007 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பிறகு காற்று மறுபக்கம் அடித்தது. 2016 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் ஓபியொயிட் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டலை வெளியிட்டபின், பல வைத்தியர்கள் நீண்டகால நோயாளிகளின் மருந்தைத் திடீரென வெட்டினார்கள். எங்கட வழிகாட்டலைப் பிழையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அதை எழுதியவர்களே 2019 இல் சொல்ல வேண்டி வந்தது. பிரித்தானியாவில் 2021 வழிகாட்டல், அடிப்படைக் காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்கு பரசிற்றமோல் முதல் ஓபியொயிட் வரை புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. மருத்துவ ரீதியில் இதுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கையால் மாத்திரையை எடுத்துக்கொண்டு மறுகையால் ஒரு இணைப்பைக் கொடுத்தால், அதை வாங்குகிறவர் 'தானே பார்த்துக்கொள்' என்றுதான் விளங்கிக்கொள்வார். லோரிக்கின் வாயில் விடுதலையாக ஒலித்த 'சுய முகாமைத்துவம்' என்ற சொல், வரவுசெலவுத் திட்டம் போடுகிறவரின் வாயில் வேறு மாதிரி ஒலிக்கிறது.

2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது பிரித்தானியாவில் வலி முகாமைத்துவக் குழு வகுப்புகள் நின்று, பல இடங்களில் காணொளிக்கு மாறின. விருப்பத்தில் நடந்த மாற்றமில்லை. அதனால் ஒரு ஒப்பீடு கிடைத்தது. வீட்டில் இருந்தவர்கள் நிலத்தில் படுத்துக்கொண்டு பங்குபற்றினார்கள், யாரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் இல்லை. தூர இடத்தவர்கள் முதல்தடவையாகச் சேர முடிந்தது. இழந்ததைக் கேட்டால் பாடத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. தேத்தண்ணி இடைவேளையைத்தான் சொன்னார்கள்: வகுப்பு நடத்துகிறவர் அறையை விட்டு வெளியே போனபின், பக்கத்துக் கதிரைக்காரரிடம் உண்மையைக் கேட்கிற அந்தப் பத்து நிமிடம். காணொளிக் கூட்டத்தில் ஒருவர் கதைத்தால் எல்லாரும் கேட்கிறார்கள், குசுகுசுக்க இடமில்லை.

அதே 2020 இல் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம், 1979 இல் இருந்து வைத்திருந்த வலியின் வரைவிலக்கணத்தைத் திருத்தியது. அதோடு சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது. 2022 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில் நாட்பட்ட வலிக்கென்று தனியான குறியீடும் கிடைத்தது. இனி வேறொரு நோயின் அறிகுறி என்று மட்டும் எழுதத் தேவையில்லை, கடதாசியில் அதுக்கே ஒரு எண் உண்டு.

இடையில், 2021 நவம்பரில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு மெய்நிகர் உலகக் கண்ணாடியை அனுமதித்தது. எட்டுக் கிழமை, நாளுக்கு ஒன்றாக 56 அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டில் இருந்து பதினாறு நிமிடம். மூச்சு, கவனம், வலி பற்றிய பாடம் என்று போர்டைஸுக்குப் பின் வந்த எல்லாரும் சொன்னவை அதுக்குள் இருக்கின்றன. ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள், அதில் பாடம் இல்லை, தட்டையான இயற்கைக் காட்சிகள் மட்டும். அவர்களுக்கும் நோ கொஞ்சம் குறைந்தது, பாடம் உள்ள குழுவுக்குக் கூடக் குறைந்தது. இந்த 56 அமர்வுகளில் எந்த ஒன்றிலும் இன்னொரு நோயாளியை நேரில் சந்திக்க முடியாது. அடுத்த வடிவத்தைச் செய்கிறவர்களிடம் யாராவது கேட்டால், அதுக்குள் ஒரு தேத்தண்ணி மேசையையும் நாலு கதிரையையும் வைக்கச் சொல்லுவம்.